இருபதாவது நிமிடம்

எஞ்சினுக்கு மூத்திரம் நின்றுபோயிருந்தது.

கடல் பக்கம் வராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடலாம். படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சினுக்குக் கடல் தண்ணீர்தான் குளிர்ச்சி. அடியில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலுக்குக் கிள்ளைப் பக்கத்துக் குப்பத்தில் வேறு மரியாதையான பெயர் கிடையாது. அது நின்றால் எஞ்சின் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டினால் எஞ்சின் கருகிவிடும்.

"மச்சான், நின்னுடுச்சி," என்றான் சுப்பிரமணி.

"தெரியிது. இங்க வந்தா நிக்கும்னு தெரியாதா?" என்று அன்பரசு எஞ்சினை அணைத்தான்.

அவன் மேற்கே திரும்பிப் பார்த்தான். பரங்கிப்பேட்டை கலங்கரை விளக்கமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் நின்றன. நேற்றும் இதே இடம். முந்தாநாளும் இதே இடம். முகத்துவாரத்தைத் தாண்டி இருபது நிமிடம் ஓடினால் எஞ்சின் இங்கே வந்து மூச்சை அடக்கிக்கொள்ளும். காலை ஏழு மணி, நல்ல வெயில். பயப்படுவதற்கு வாட்டமான நேரமே இல்லை. ஆனாலும் அன்பரசு காலடிப் பலகையைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

சுப்பிரமணி வழக்கம்போலக் கடலில் குதித்தான். எஞ்சினின் அடிப்பக்கத்தைத் தடவிவிட்டு ஏறி வந்தான்.

"பாசி அடச்சிருக்கு மச்சான். எடுத்துட்டேன். ஆறட்டும், அர மணி நேரம் ஆவும்."

"நீ எங்கடா போற?"

"குளுருது மச்சான்." அவன் படகின் முன்பக்கம் வலை வைக்கும் பெட்டிக்குள் தலையை நுழைத்து, தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டான். ஆடி மாத வெயிலில் குளிர்கிறது என்பவனை அன்பரசு குறை சொல்லவில்லை. பயத்துக்கும் குளிர்தான்.

எஞ்சின் ஓய்ந்ததும் கடலின் சத்தம் கூடத் தள்ளிப் போனது. அப்போது காலுக்கடியில், படகின் பலகைக்கும் கீழே, ஒரு பெண் குரல் முனகியது.

"இன்னும் எத்தினி நாளுக்குத்தான் இப்பிடியே கெடக்கிறது? என்னால முடியாது. சொல்லிட்டேன்."

அன்பரசு இரண்டு கால்களையும் பலகையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். அது அவனுடைய அம்மா தங்கம்மாளின் குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் 'சொல்லிட்டேன்' என்று முடிச்சுப்போடும் பழக்கம் குப்பத்திலேயே அவளுக்குத்தான் இருந்தது.

தங்கம்மாளைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடம் ஆகப்போகிறது. அன்று ஆருத்ரா தரிசனம். அன்பரசு தங்கை வெண்மதியை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போயிருந்தான். "நீயும் வாம்மா," என்று கூப்பிட்டதற்கு, "கருவாடு காயுது, நான் வர்ல, சொல்லிட்டேன்," என்று அவள் மறுத்துவிட்டாள். இவர்கள் திரும்பி வந்தபோது கருவாடும் இல்லை, கரையும் இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று அன்பரசு ஒற்றைக் காலில் நின்றான். இன்றுவரை ஒரு திதி கூடக் கொடுக்கவில்லை.

இன்னொரு சபதமும் எடுத்திருந்தான். வெண்மதியைக் கடலுக்குப் போகிறவனுக்குக் கட்டிக்கொடுப்பதில்லை. சுப்பிரமணி தாய்மாமன் மகன். வெண்மதி பள்ளிக்கூடம் போன காலத்திலேயே "இவ எங்கண்ணன் வூட்டுக்குத்தான்" என்று தங்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அதெல்லாம் அலைக்கு முந்தைய பேச்சு. சுப்பிரமணியைப் படகில் ஏற்றிக்கொண்டான், வீட்டில் ஏற்றவில்லை. கரையில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு கண் தங்கை மேலும் ஒரு கண் மச்சான் மேலும் இருக்கும்.

இதுதான் அன்பரசுவின் கவலை. எஞ்சின் ஓடினால் பிழைப்பு உண்டு, தங்கைக்கு ஒரு நல்ல இடம் உண்டு. எஞ்சினோ அம்மா இருக்கும் இடத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

முதலில் அவன் தானே வைத்தியம் பார்த்தான். ஒரு கம்பியை அந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தான். பாதிக் கம்பி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதுவரை இருபது நிமிடம் ஒழுங்காகப் பீய்ச்சியது, மறுநாள் முதல் விக்கி விக்கிப் பீய்ச்சியது.

கடலூர் முதுநகரிலிருந்து சார்லஸை வரவழைத்தான். சார்லஸ் எஞ்சின் மெக்கானிக். ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வாங்கிய சான்றிதழைக் கடையில் மாதா படத்துக்கு மேலே மாட்டியிருப்பவர். பேய் என்று யாராவது சொன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

"நாப்பது வருசத்துல நான் பாத்த பேயெல்லாம் மூணுதான், அன்பு. ஒண்ணு உப்பு, ஒண்ணு பாசி, ஒண்ணு ஓனரு."

உடைந்த கம்பியை எடுத்தார். தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தைப் புதிதாக மாற்றினார். எஞ்சினை ஒரு டிரம் தண்ணீரில் நிறுத்தி ஓட்டினார். காளைக்கன்று மாதிரிப் பீய்ச்சியது.

"இதுல என்னா கோளாறு?" என்றார்.

"கரையில நல்லாத்தான் இருக்கும், சார்லஸ் அண்ணே. அங்க போனாதான்."

"அப்ப உள்ள உப்பு பூத்திருக்கும். கழுவிடுவோம்." டிரம்மில் இரண்டு கை சோப்புத்தூளும் சோடாவும் போட்டு மறுபடி ஓட்டினார்.

ஐந்து நிமிடம் கழிந்தது. ஓட்டையிலிருந்து ரத்தம் பீய்ச்சியது.

செக்கச்செவேலென்ற ரத்தம். வேடிக்கை பார்த்தவர்கள் நான்கடி பின்னே போனார்கள். யாரோ ஒரு பெண் "தங்கம்மா" என்று முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சார்லஸ் மட்டும் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"வெண்மதி," என்று கூப்பிட்டார். "எஞ்சினுக்குப் பூச போட்டியா?"

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம போடுவேன், அண்ணே. சூடா இருக்குதுன்னு இந்த வாரம் மஞ்சத் தண்ணியும் ஊத்தினேன். அந்த ஓட்டையில ஒரு சொம்பு."

"மஞ்சளும் சோடாவும் சேந்தா செவக்கும். ஆரத்தி கரைக்கிறவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் சார்லஸ். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

மறுநாள் அவரே படகில் ஏறினார். இருபதாவது நிமிடம் வந்தது. கலங்கரை விளக்கமும் பனையும் ஒரு கோட்டில் வந்தன. எஞ்சின் நிற்கவே இல்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரிச் சமர்த்தாக ஓடியது. சுப்பிரமணியும் அன்று குளிர்கிறது என்று சொல்லவில்லை.

"எஞ்சினு ஜோரா இருக்கு. நீதான் ஒடம்ப காட்டணும்," என்று சொல்லிவிட்டு சார்லஸ் கடலூருக்குப் பைக்கை மிதித்தார்.

அடுத்த நாள் அதே இடத்தில் நின்றது.

நாளாக ஆக அன்பரசு பாதி ஆளாய்ப் போனான். சோறு இறங்கவில்லை. அம்மா என்ன சொல்கிறாள் என்று காதைப் பலகையில் வைத்துக் கேட்பான். சில நாள் "தூக்கம் வரல" என்பாள். ஒருநாள் சிரித்தாள். கடலுக்கடியில் என்ன சிரிப்பு என்று அவனுக்கு அழுகை வந்தது.

ஒருநாள் காலை சுப்பிரமணி அவசரமாகக் குதித்தான். குதித்த வேகத்தில் இடுப்பைத் தடவினான், உடனே ஒரு முழுக்குப் போட்டான், இன்னொரு முழுக்குப் போட்டான். மேலே வந்தபோது கை மடியைப் பொத்தியிருந்தது, முகத்தில் ஈ ஆடவில்லை.

"கீழ என்னத்தடா பாத்த?"

"போச்சி மச்சான். எல்லாம் போச்சி."

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. அம்மாவை எந்தக் கோலத்தில் பார்த்தானோ என்று அன்பரசு கேட்கவும் பயந்தான்.

அன்றிலிருந்து சுப்பிரமணியின் போக்கு மாறிவிட்டது. எஞ்சின் நின்றால் குதிப்பான், உடனே ஏறுவான். "சல்லட சுத்தமாத்தான் இருக்கு மச்சான்," என்பான். வலைப்பெட்டிப் பக்கமே போவதில்லை. பின்னால் வந்து அன்பரசுவை ஒட்டி உட்கார்ந்துகொள்வான்.

இதற்கிடையில் புதன்கிழமை தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். குறிஞ்சிப்பாடி. மாப்பிள்ளைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அன்பரசுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே சரி என்றான். வெண்மதியைக் கேட்கவில்லை. இரண்டு நாளாகக் குழம்பில் மட்டும் உப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருபதாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது.

சுப்பிரமணி அன்று குதிக்கக்கூட இல்லை. அன்பரசுவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. இத்தனை நாள் கேட்காததை அன்று அன்பரசு கேட்டுவிட்டான்.

"அம்மா. நீயாம்மா?"

பிறகு, காலுக்கடியிலிருந்து, தெளிவாக வந்தது.

"குறிஞ்சிப்பாடி வேணாம். சொல்லிட்டேன்."

சுப்பிரமணியின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. அவன் நகம் அன்பரசுவின் முழங்காலில் பதிந்து ரத்தம் கண்டது.

கரைக்கு வந்த கையோடு அன்பரசு குறிஞ்சிப்பாடிக்குப் போன் போட்டான்.

"ஐயா, மன்னிக்கணும். இந்த எடம் வேணாம்னு எங்கம்மா சொல்லிட்டாங்க."

"ஒங்கம்மா தவறிட்டாங்கன்னு தரகர் சொன்னாரே, தம்பி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமாங்க. இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க."

எதிர்முனை சற்று யோசித்துவிட்டு வைத்துவிட்டது. விஷயம் சார்லஸின் காதுக்கு எட்டியபோது அவரால் தாங்க முடியவில்லை. தான் கைவைத்த எஞ்சினைக் காட்டி ஒரு கல்யாணம் நிற்பதா? சனிக்கிழமை விடிந்ததும் வந்து இறங்கினார். எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றி மணலில் பரப்பினார். தண்ணீர் ஏறும் குழாயில் விரலை விட்டுத் துழாவி, நீலக் கேரிபேக் துண்டுகள் நாலை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இந்தா ஒங்கம்மா," என்றார்.

அன்பரசு குனிந்து பார்த்தான். நாலும் ஒரே அளவு, சதுரம் சதுரமாக.

"கத்திரியால வெட்டுனது. மீனு கத்திரி புடிக்குமா? ஒரு பக்கம் பார் சோப்பு தடவியிருக்கு, பாரு. கெளம்பறப்ப சல்லடையில ஒட்டிட்டா, தண்ணி ஏறுறது கொஞ்சம் கொஞ்சமா கொறையும். அது மொத்தமா நின்னு இந்த எஞ்சினு சூடேற இருவது நிமிசம். தெனம் ஒரே வேகத்துல போனா தெனம் ஒரே எடத்துலதான நிக்கும்? நின்னதும் குதிச்சி உரிச்சிட வேண்டியது. கேட்டா பாசி. உரிக்கறப்ப தப்புனது உள்ள போயி மாட்டிக்கிட்டிருக்கு. யாரு தெனம் குதிக்கிறது?"

எல்லாருக்கும் தேநீர் எடுத்து வந்த வெண்மதி பாதி வழியில் நின்றாள். சுப்பிரமணி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"பைய ஒட்டுனது நாந்தான் மச்சான்," என்றான்.

"ஏன்டா?"

சுப்பிரமணி வெண்மதியைப் பார்த்தான். வெண்மதி தேநீரைப் பார்த்தாள். அப்புறம் அவளே சொன்னாள்.

"எங்கிட்டப் போன்ல பேசறதுக்கு. நீ கரையில இருந்தா நாங்க பேச முடியாது. நீ கடலுக்குப் போனாதான் நான் தனியா இருப்பேன். நீ கடலுக்குப் போனா அவுரும் ஒங்கூடப் போயிடறாரு. நான் என்னா பண்ணுவேன்?"

"அந்த எடம் வரைக்கும்தான் டவர் கெடைக்கும் மச்சான்," என்று சுப்பிரமணி தரையைப் பார்த்துச் சொன்னான்.

சார்லஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "வலப்பொட்டிக்குள்ள தலைய உட்டுக்கிட்டு, சைனா போன்ல ஸ்பீக்கரப் போட்டுப் பேசியிருக்கான். பைபர் படகு, அடியில வெத்து. பொட்டியில பேசுனா ஒங்காலுக்குக் கீழதான் கேக்கும்."

"அது அம்மா கொரலுண்ணே."

சார்லஸ் சிரிப்பை நிறுத்தினார். "வெண்மதி பேசுனா தங்கம்மா பேசுன மாதிரிதான் இருக்கும், அன்பு. அந்த 'சொல்லிட்டேன்' உட்பட. நீ தெனம் கேக்கறதால ஒனக்குத் தெரியல. மொத மொத எனக்கு அது போன் பண்ணப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுது."

"வெள்ளிக்கெழம இவன் எங்கால்ட்டதான் ஒக்காந்திருந்தான்."

"போன் பொட்டிக்குள்ள கெடந்திருக்கும். ஆன் பண்ணி வச்சிட்டு, வந்து நல்லபுள்ள மாதிரி ஒக்காந்திருப்பான்."

அன்பரசு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதமாக அவன் பயந்து செத்தான், உண்மைதான். ஆனால் ஐந்து வருடத்தில் முதல்முறையாக அம்மா பேசுகிறாள் என்றுதான் ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குப் போனான். இந்த நாலு பிளாஸ்டிக் துண்டுக்காகவா காதைப் பலகையில் வைத்து அழுதோம் என்று அவற்றையே பார்த்தான். அம்மா இரண்டாவது முறையும் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அந்தத் துக்கம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

"செத்தவ கொரல்ல பேசி சம்பந்தத்தக் கெடுத்தீங்களேடா," என்று போனை எடுத்தான். "இப்பவே குறிஞ்சிப்பாடிக்குச் சொல்றேன். வர்ற முகூர்த்தத்துலயே கல்யாணம்."

"மச்சான், பை ஒட்டுனதெல்லாம் ஆடியோட சரி. அந்தக் குறிஞ்சிப்பாடி சங்கதி..."

"வாய மூடு."

"அண்ணா, சத்தியமா நான் அந்த ஊர் பேரயே..."

"நீயும் மூடு."

மணி அடித்தது. மாப்பிள்ளையின் அப்பாதான் எடுத்தார். "சொல்லுங்க தம்பி. இன்னிக்கு யாரு, என்னா சொன்னாங்க?"

"ஐயா, நேத்து சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. அது எங்கம்மா இல்ல..."

மணலில் ஒரு மொபெட் வந்து நின்றது. கிள்ளைக் கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் முஹம்மது ஆசிக் இறங்கி வந்தான். இங்கே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, குற்றம் செய்தவன் போல சுப்பிரமணியின் கையில் வைத்தான்.

"கோவிச்சிக்காதீங்கண்ணே, கடல்ல உளுந்த போனு, அரிசி டப்பாவுல கூடப் போட்டு வச்சிப் பாத்துட்டேன், பதினஞ்சி நாளா எங்கடையிலதான் கெடக்குது, குடுத்த அன்னியிலேருந்து அதுக்கு உசுரே வரல."